நாலாம் நம்பர்

சினிமாக்காரர்கள் வந்து
பழைய சுவரின் மேல்
பழைய நிறம் பூசினார்கள்.
மழை ஒழுகிய கறையை மறைத்து
அதே இடத்தில்
இன்னொரு கறை வரைந்தார்கள்.
இருந்தது கேமராவுக்குப் போதவில்லையாம்.

கொழிஞ்சாம்பாறை, கள்ளுக்கடை தாண்டி வளைவில்
ஒன்பது அறை, ஒரு குழாய்.
பதினெட்டு நாளைக்கு எல்லோரும் காலி பண்ணணும்,
தலைக்குத் தினம் இருநூறு.
தவணைக்கு நைட்டி விற்கும் மயிலாத்தாள்
மூட்டையோடு நல்லேப்பிள்ளி போனாள்.
செக்போஸ்ட்டில் கோழி லாரிக்கு மருந்தடிக்கிற பையன்கள்
எங்கே படுத்தார்களோ, கேட்கவில்லை.
நாலாம் நம்பர் ஆறுச்சாமிதான்
பணத்தை இரண்டு தடவை எண்ணிவிட்டு
வாசலிலேயே நின்றார்:
"படத்துல நாலுல யாருங்க இருக்காங்க?"

பொள்ளாச்சி பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களிடம்
லாட்டரி விற்பவர்.
தனக்கென்று ஒரு சீட்டு எடுத்ததில்லை,
அதிர்ஷ்டம் கைமாறினால் கெட்டுவிடும் என்பார்.

நடிகர் என்னிடம் கேட்டார்,
தனியா இருக்கிற ஆள் சட்டையை எப்படி மடிப்பார்?
மடிக்கமாட்டாருங்க, ஆணியில மாட்டுவாரு என்றேன்.
நோட்டில் எழுதிக்கொண்டார்.
ஆணியில் ஆறுச்சாமியின் நீலச் சட்டை
ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது.
நல்லா இருக்கு, எடுக்காதீங்க என்றார்கள்.

பதினெட்டு நாள் இருபத்தொன்றாகி
வேன் கிளம்பியது.
மயிலாத்தாள் திரும்பி வந்தாள்,
குழாயை மாற்றியவனைத் திட்டினாள்.
பையன்கள் வந்தார்கள்.
நாலு வரவில்லை.
போன் அடித்தால்
மலையாளத்தில் ஒரு பெண்
கோபமே இல்லாமல் ஏதோ சொன்னாள்.

சித்தூர் தியேட்டரில் படம் பார்த்தேன்.
அதில் மேனேஜர் நல்லவர்.
படியிறங்குகிறவனைப் பேர் சொல்லி நிறுத்தி
சாப்பிட்டாச்சா என்கிறார்.
நான் பதினோரு வருஷமாக
"நாலு, வாடகை."

கடைசியில் நாலாம் நம்பர்க்காரனைத் தேடி
மனைவி வருகிறாள், மழை வருகிறது, வயலின் வருகிறது.
பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.
நான் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஃபேன் காற்றில் ஒரு கை
தூக்கித் தூக்கி விழுந்தது.
பாக்கெட்டில் மஞ்சளாக
ஒரு சீட்டின் ஓரம்.
குனிந்து பார்ப்பதற்குள்
வேறு அறையைக் காட்டிவிட்டார்கள்.

சட்டையையும் சாமான்களோடு
வேனில் ஏற்றியிருக்க வேண்டும்.
வெறும் ஆணி இருக்கிறது.
நடிகர் படுத்த கட்டில் என்று
நாலுக்கு இப்போது ஐம்பது ரூபாய் கூட.

லெட்ஜரில் வந்த தேதி இருக்கிறது.
போன தேதிக்கு என்ன போடுவது,
நான் காசு கொடுத்து அனுப்பிய தேதியா,
சட்டை போன தேதியா.
பேனாவைத் திறந்து வைத்திருக்கிறேன்.
மயிலாத்தாள் கீழிருந்து கத்துகிறாள்,
தண்ணீர் நின்றுவிட்டதாம்.