நாற்பத்திரண்டு சுற்று

பதினேழாவது சுற்றில் வண்டி வந்தது.
'உங்கள் பொன்னான' என்று ஆரம்பித்து
மாரண்டஅள்ளி பஸ் ஸ்டாண்டு முக்கில்
ரிவர்ஸ் எடுக்க முடியாமல்
நின்றுகொண்டே கத்தியது.
பதினெட்டா, பத்தொன்பதா?
அவிழ்த்தேன். செம்புக் கம்பி
ஒருமுறை வளைந்தால் பழைய நேர் திரும்பாது.
ஒன்று.

கடையில் பதினோரு மோட்டார் கரிந்து கிடக்கிறது.
ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் த்ரீ பேஸ்,
அதிலும் ஒன்று இருக்காது.
ஆயிரத்து இருநூறு அடியில்
காற்றை இறைத்துச் செத்தவை பாதி.
சுற்றவேண்டிய தீர்த்தகிரி, என் வீட்டுக்காரர்,
கரைத்துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பி இருபது நாள்.
பென்னாகரம் பக்கம் பூத் வேலையாம்.
வேட்பாளருக்குப் பின்னால் மூன்றாவது ஆளாக
மாலையின் ஒரு நுனியைப் பிடித்திருக்கும் படம்
போனில் வந்தது.
கடை வாடகையைக் கேட்டால்
நாட்டைப் பற்றிப் பதில் சொல்கிறார்.

எனக்கும் சுற்றத் தெரியும்.
பதினாறு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து
ஸ்லாட்டுக்குப் பேப்பர் வெட்டிக் கொடுத்தால்
கைக்குத் தானாக ஏறிவிடும்.

கோபம் எங்கே இருக்கிறதென்று நேற்றுத் தேடினேன்.
வண்டியில் கும்பிடுகிறவன் மேல் இல்லை,
அது அவன் தொழில்.
டோக்கன் நீட்டிய பையன் மேல்கூட இல்லை,
அவன் பல்லும் என் பல்லைப் போலவே
இந்த ஊர்த் தண்ணீர் தின்ற பழுப்பு.
சாலம்மா மேல்தான். கூடப் பிறந்தவள்.
'உங்க ஆளுங்க வந்தா எங்கள வாழ விடுவாங்களா?' என்றாள்.
என் ஆளுங்க யாரென்று எனக்கே தெரியாது.
நான் ஒன்று சொன்னேன்.
அதை இங்கே எழுத மாட்டேன்.
ஒன்பது நாளாய்ப் போன் எடுக்கவில்லை.
அவள் மகள் சீருக்கு எடுத்த புடவை
கட்டைப்பையிலேயே கிடக்கிறது.
நேற்று டீக்கடைப் பையனிடம்
சர்க்கரை அதிகம் என்று கத்தினேன்.
அது நானே கேட்ட சர்க்கரை.

திம்மராயன் வந்தார். தக்காளி வாடுகிறது,
ஏழரை எச்பி உடனே வேண்டும்.
கூலி? தக்காளி விற்ற அறுபத்தெட்டாயிரத்தை
செக்போஸ்டில் வாங்கிக்கொண்டு
ரசீது கொடுத்துவிட்டார்களாம்.
எட்டாய் மடித்த அதை என் முன்னால் பிரித்தார்.
'கோடி கொண்டுபோறவன் எந்த ரோட்டுல போறான்னு
சொல்லச் சொல்லும்மா, நானும் அதுலயே போறேன்.'
சிரித்துவிட்டேன்.
என் சிரிப்பு எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

மூலையில் பஞ்சாயத்து மோட்டார்.
பாறைக்கொட்டாய் டேங்குக்கு ஏற்றுவது.
'விதி அமல்ல இருக்கு, ரிசல்ட்டுக்கு அப்புறம்தான் பில்லு'
என்று இறக்கிப் போட்டவன் திரும்பவில்லை.
பாறைக்கொட்டாயில் அறுபது வீடு.
அங்கே எந்தக் கட்சிக்கு ஓட்டு அதிகம் என்று
என் மனசு தானாகக் கணக்குப் போட்டது.
பயந்துபோனேன்.
வண்டிக்காரன் கணக்கு
என் தலைக்குள் எப்போது ஏறியது?

அன்றிரவே அதை மேசைமேல் தூக்கி வைத்தேன்.
தர்மம் என்று நினைக்க வேண்டாம்.
கரிந்த கம்பியை உளியால் வெட்டி இழுப்பது
யாரையோ வைவது போலிருக்கும்,
யாருக்கும் வலிக்காது.
பிறகு சுற்று.
பத்து மணிக்கு மேல் மைக் கிடையாது,
இந்தத் தேர்தல் எனக்குச் செய்த ஒரே நன்மை.
முப்பத்தொன்பது. நாற்பது.
நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.
அடுத்த ஸ்லாட்.

வெள்ளிக்கிழமை ஓட்டு.
மை வைக்கும் டீச்சர்
வார்னிஷ் ஏறிய என் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
'ஏற்கெனவே போட்டுட்டீங்களா?'
'இது மோட்டார் கறைங்க.'
தோல் தெரிந்த இடத்தில் ஒரு கோடு இழுத்தார்.
அழுத்தினேன். கீச்சென்றது.
யாருக்கென்று இனி யாரிடமும்
சொல்லிச் சண்டை போடுவதாயில்லை.

வெளியே வரிசையில் சாலம்மா,
முந்தானையைத் தலைமேல் இழுத்தபடி.
'வெயிலு' என்றேன்.
'ஆமா' என்றாள்.
அவ்வளவுதான்.

பில் வரவில்லை.
பாறைக்கொட்டாயில் தண்ணீர் ஏறுகிறதாம்,
யார் ஏற்றினார்கள் என்று
ரெண்டு கட்சிக்கும் தகராறாம்.
எண்ணிக்கை முடிந்துதான் வருவேன் என்கிறார் தீர்த்தகிரி.
இருக்கட்டும்.
எனக்கும் எண்ணிக்கை நடக்கிறது.
பதினாறு, பதினேழு,
பதினெட்டு.