எல்லா மீன்களுக்கும் ஜனவரி ஒன்று

காட் மீனின் காதுக்குள் ஒரு கல் இருக்கிறது.
குறுக்கே அறுத்தால் வளையங்கள்:
வெளுத்தது கோடை, கறுத்தது குளிர்காலம்.
அதை எண்ணத்தான் இந்தச் செருகுநிரல்.

வீடு என்னுடையதல்ல.
யாரோ கட்டிய பெரிய மென்பொருள்,
அதன் பட்டியலில் பன்னிரண்டாவது வரி மட்டும் எனக்கு.
கூப்பிட்டால் வரவேண்டும்
கொடுத்த படத்தை எண்ணிச் சொல்லவேண்டும்
எடுத்த நினைவகத்தைத் திருப்பி வைத்துவிட்டுப்
பேசாமல் போய்விடவேண்டும்.
ஒருமுறை வைக்க மறந்தேன்.
பக்கத்து மேசை ஓட்னியின் சேமிக்காத பிற்பகல் முழுவதும்
என்னோடு சேர்ந்து விழுந்தது.
அவள் திட்டவில்லை. எழுந்துபோய்க் காபி போட்டாள்,
ஒரு கோப்பை மட்டும்.

வால்விஸ் பேயிலிருந்து ஹிலேனி எழுதியிருந்தாள்:
'ஜூலைக்குப் பிறகு பிடித்த எங்கள் ஹேக் மீன்களுக்கெல்லாம்
உங்கள் நிரல் ஒரு வயது குறைக்கிறது.
அவற்றுக்கு மகிழ்ச்சிதான். எங்களுக்கு இல்லை.'

தேடினேன். இருநூற்றுப் பதினான்காம் வரி.
பிறந்தநாள்: ஜனவரி ஒன்று.
கடலில் எது என்றைக்குப் பொரிந்ததென்று
யார் போய்க் கேட்பது?
கணக்குக்காக எல்லா மீன்களுக்கும்
புத்தாண்டிலேயே வைத்துவிட்டோம்.
அது எங்கள் கணக்கு என்று
எனக்குத் தோன்றவே இல்லை.
பெர்கனில் மூன்றரைக்கே இருட்டிவிடுகிறது;
ஜனவரி என்றால் உலகத்துக்கே குளிர் என்று
இந்த ஜன்னல் சொல்லியிருந்தது,
நான் நம்பியிருந்தேன்.

மாதத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு சின்னப் பெட்டி.
பதினொரு வரி நிரல், அரை மணி நேரம்.
பெட்டிக்கு என்ன பெயர் வைப்பதென்று இரண்டு நாள்.

சோதித்துப் பார்க்க நாற்பது படம் அனுப்பினாள்.
முப்பத்தொன்பது சரி.
ஒன்றில் மட்டும் நடுவே ஒரு மங்கல் கோடு:
குளிர்காலமா, பட்டினி கிடந்த கோடையா?
நிரல் ஏழு என்றது. ஹிலேனி ஆறு.
நான் முதலில் ஏழு, காபிக்குப் பிறகு ஆறு.

தெரியவில்லை என்று சொல்ல
என் நிரலுக்கு வழியே இருந்ததில்லை.
எழுதப் போனால்
வீட்டுக்காரர் எண்களை மட்டுமே வாங்குவாராம்.
சரி, மைனஸ் ஒன்று என்று வைத்தேன்.
குறிப்பேட்டிலும் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.

இருந்தும் நள்ளிரவில் எழுந்து நினைத்துக்கொள்கிறேன்:
குறிப்பேட்டைப் படிக்காத எவரோ ஒருவர்
தெற்கே எங்கோ ஓர் அட்டவணையில்
பிறக்க இன்னும் ஓராண்டு இருக்கும் மீனைக்
கூட்டிச் சராசரி எடுத்துக்கொண்டிருப்பார்.