துணைக்கால்

தாராபுரம் மகளிர் ஸ்டேஷனில்
என் பேரை எழுதிக்கொண்ட ஏட்டம்மா
சுகந்தாமணியில் ஒரு துணைக்காலை விட்டுவிட்டார்.
எனக்குப் பன்னிரண்டு வயசு.
தமிழில் எப்போதும் எண்பதுக்கு மேல்.
மேஜைக்கு இந்தப் பக்கமிருந்து தலைகீழாகப் பார்த்தாலும்
தப்பு தப்பாகத்தான் தெரிந்தது.
முதலில் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.
"கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு கண்ணு."

கேட்டார்.
என்ன கிழமை. என்ன கலர் பாவாடை.
லேப் ரூமில் ட்யூப்லைட் எரிந்ததா.
மாஸ்டர் வாட்ச் கட்டியிருந்தது எந்தக் கையில்.
பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு,
வீட்டு மனுசி போலக் கேட்டார்:
"அன்னைக்கே ஏஞ் சொல்லுல?"

மறுநாள் வேறொருவர், மறுபடி முதலிலிருந்து.
அதற்கடுத்த நாள் இன்ஸ்பெக்டர் அம்மா
இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து,
இதுல செவ்வாய்ங்குது, இதுல புதன்ங்குது என்றார்.
அப்பா வெளியே புங்கமரத்தடியில்
ஸ்டாண்டு போட்ட வண்டியைப் பிடித்துக்கொண்டே நின்றார்,
விட்டால் விழுந்துவிடும் என்பதுபோல.

கரஸ்பாண்டென்ட் காரில் வந்தார். காப்பி குடித்தார்.
"நாளைக்கு அம்மிணியக் கட்டிக் குடுக்கோணுமல்லங்க."
கம்முனு இரு சாமி என்றாள் என்ற அம்மா.
அந்த வருசம் பூராவும் எனக்குத் தலை வாரினாள்,
இறுக்கி இறுக்கி, ஒரு மயிர் வெளியே வராமல்.

கடைசியில் ஒரு தாள் தந்தார்கள்.
மேல் நடவடிக்கை தேவையில்லை என முடிக்கப்பட்டது.
மனுதாரர் பெயர்: சுகந்தமணி.
ஆக, யாரோ ஒரு சுகந்தமணிக்கு
எதுவும் நடக்கவில்லை.
மாஸ்டரை மூலனூர்க் கிளைக்கு மாற்றினார்கள்.
அங்கேயும் ஏழாம் வகுப்பு இருந்தது.

மாஸ்டரை மறந்த நாள்கள் உண்டு.
வருசக் கணக்கில்கூட.
அந்தக் கேள்விதான் போகவில்லை.
பஸ் டிக்கெட்டை நான் தூக்கிப் போடுவதில்லை,
யாராவது கேட்பார்கள்.
பெரியாஸ்பத்திரியில் பிரசவ வலியில்
எப்பம்மா ஆரம்பிச்சுது, அப்பவே வர்றதுக்கென்ன
என்று நர்ஸ் அதட்டியபோது
புதன், இல்லைங்க செவ்வாய், சத்தியமாச் செவ்வாய்
என்று அழுதேனாம்.
அன்றைக்கு ஞாயிறு.

இப்போது திருப்பூர், அங்கேரிபாளையம் ரோட்டில் செக்கிங்.
ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம்,
கண்ட இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவேன்.
துணியைப் பார்த்து இதுவரை ஒருத்தரும்
தறியிலேயே ஏன் சொல்லலை என்று கேட்டதில்லை.

பையர் ஆடிட்டுக்காகப் புகார்க் கமிட்டி போட்டார்கள்.
சுவரில் என் போட்டோ, கீழே பேர்.
துணைக்கால் இருக்கிறதா என்று நான்தான்
இரண்டு தரம் பார்த்து ஒட்டவைத்தேன்.

ஆடி மாசம், சாங்கால ஷிஃப்ட் முடிந்து
ஹாஸ்டல் பிள்ளை ரஷ்மிதா வந்தாள்.
ஆதாரில் பத்தொன்பது.
முகத்தில் அவ்வளவு இல்லை.
கைலேஸ் நுனியைப் பிய்த்துக்கொண்டே
கற்றுக்கொண்ட கொஞ்சம் தமிழில் சொன்னாள்,
சூப்பர்வைசர், ஸ்டோர் ரூம்,
பொங்கலுக்கு முந்தியே அக்கா.

என் வாயிலிருந்து வந்தது,
என் வாயிலிருந்துதான்,
ஏட்டம்மா குரல்கூட மாறாமல்:
"அன்னைக்கே ஏஞ் சொல்லுல?"

மிஷின்கள் ஓய்ந்திருந்தன.
அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை,
சுவரிலிருந்த போட்டோவைப் பார்த்தாள்.

தண்ணி கொண்டு வந்து வைத்தேன்.
தப்பாக் கேட்டுட்டேன் கண்ணு என்றேன்.
அது அவளுக்குப் புரிந்ததா தெரியாது.
ஃபாரத்தை அவள் பக்கம் திருப்பினேன்.
உன் பேரை நீயே எழுது.
என்ன எழுதணுமோ உன் பாஷையிலேயே எழுது.

வெகுநேரம் எழுதினாள்.
வட்டம் வட்டமாக, குடை குடையாக எழுத்து.
அதில் எது கால், எது கொம்பு,
எங்கேயாவது ஒன்று விட்டுப்போயிருக்கிறதா,
எனக்குப் பார்க்கத் தெரியவில்லை.
படிக்கத் தெரிந்த ஒருத்தர் வரும்வரை
அந்தத் தாளை நான் மடிக்கவும் இல்லை.