எடை கூடிய தகடு

செம்பனை ஆலை ஆவி விடும் நேரத்தில்
ஸ்டோர் கதவைத் திறக்கக் கூடாது என்று
எந்த விதியிலும் இல்லை.
நானாகக் கற்றுக்கொண்டது.
காற்று கம்போங் பக்கம் திரும்பிய பிறகு
ஐந்து நிமிடம். அவ்வளவுதான்.

உள்ளே பதினேழு எஃகு டப்பாக்கள்.
எண்ணெய்க் குழாய்களைப் படம் பிடித்த பழைய கருவிகளின்
யுரேனியக் கவசங்கள்.
தேங்காய் அளவுதான். தூக்கினால் அரிசி மூட்டைக் கனம்.
விற்ற கம்பெனியை மூடிவிட்டார்கள், திருப்பி வாங்க ஆளில்லை.
ஆகவே இங்கே, சுங்கை மெராந்தியில்,
ரப்பர் புகைக்கூடத்துக்குப் பின்னால்.

"இதுவும் துருப்பிடிக்குமா, கக்கா?"
லோரி ஓட்டும் ஹாருன் கேட்டான்.
சில உலோகம் தன் துருவையே
தோலாக்கிப் போர்த்திக்கொள்ளும், சிர்கோனியம் மாதிரி.
இதற்கு அந்தச் சமர்த்துப் போதாது.
ஈரம் பட்டால் முதலில் பொன்னிறம், அப்புறம் ஊதா,
அப்புறம் கறுப்பு,
அப்புறம் பொடி.

சுவரோரம் நைலான் நூலில் தொங்குகின்றன
டப்பா செய்த அதே எஃகில் வெட்டிய
சாட்சித் தகடுகள்.
டப்பாவைத் திறக்கக் கூடாது,
தகட்டைத்தான் கேட்க வேண்டும்,
ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தராசில் வைத்து.
எடை கூடினால் கெட்ட செய்தி.
கிளினிக்கில் பிள்ளையை நிறுப்பதற்கு நேர்மாறு.

இந்த முறை பதினொன்றாம் எண்
இரண்டு மில்லிகிராம் கூடியிருந்தது.
சிலிக்கா மணிகள் நீலமாகத்தான் இருந்தன.
ஈரமானி நாற்பதைத் தாண்டவில்லை.
ரெங்கநாயகி கூரை ஏறிப் பார்த்தாள், ஓட்டை இல்லை.
விளக்கடியில் சாய்த்தேன்.
பழுப்பாய் ஒரு சுழி,
குறுக்கே ஒரு வெட்டு.

வெட்டு எனக்குத் தெரியும்.
சார்டின் டின் திறக்கும்போது கிழிந்த
என் வலது கட்டைவிரல்.

பதிவேட்டைப் புரட்டினேன்.
ஏப்ரல் ஒன்பது, காலை பத்து நாற்பது.
எடை எடுத்தவர்: நான்.
பத்து முப்பத்தைந்துக்கு
ஈப்போ ஆஸ்பத்திரியிலிருந்து போன்.
"கையெழுத்துப் போட யாராவது வர வேண்டும்."
கையுறையைக் கழற்றித்தான் பேசினேன்.
திரும்ப மாட்டியதாக நினைவு.

அறிக்கையில் ஒரு கட்டம்: காரணம்.
உப்பு என்று எழுதினேன்.
அடித்துவிட்டு, வியர்வை உப்பு என்று எழுதினேன்.
தகட்டை மாற்றச் சொல்லி மேலிடத்துப் பதில்.
மாற்றினேன், இரண்டு சோடி கையுறையோடு.

பழையதைக் கழிவுப் பையில் போடவில்லை இன்னும்.
மேசை இழுப்பறையில் கிடக்கிறது, சிலிக்கா இல்லாமல்.
நாலு மணி மழை தகரத்தில் இறங்கும்போது
இழுத்துப் பார்க்கிறேன்.
ஒவ்வொரு ரேகையும்
கொஞ்சம் தடித்திருக்கிறது.