நாலாயிரம் ஹெர்ட்ஸ்

பொத்தோசியில் காலை ஆறு மணிக்குக்
குழாயில் தண்ணீர் கல்லாக இருக்கும்.
கையை அக்குளில் சூடேற்றிக்கொண்டு
பெட்டியின் பொத்தானை அழுத்துகிறேன்.
உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்து ஏழு வருடம்.
பலகையோடு பற்றவைத்தது, பிடுங்கப் பயம்.
அதனால் தினமும் கேட்கிறது:
இன்று என்ன தேதி?
தினமும் நானே சொல்கிறேன்.
சொல்லாவிட்டால் அதற்கு எப்போதும்
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது, ஜனவரி ஒன்று.

விண்டோஸ் தொண்ணூற்றெட்டு.
செவிமானியின் அட்டை ஒரு முழ நீளம்,
இன்றைய கணினி எதிலும் அதற்கு வாய் இல்லை.
டென்மார்க்கில் அதைச் செய்த கம்பெனி
கைமாறி, கைமாறி
பதில் போடாத ஒரு முகவரி ஆகிவிட்டது.

ஆஸ்பத்திரி முழுக்க ஒரே ராத்திரியில் பூட்டு விழுந்ததே,
எக்ஸ்ரே, மருந்துக் கிடங்கு, சம்பளப் பட்டியல்,
எல்லாத் திரையும் பணம் கேட்டதே,
அன்று இந்த அறை மட்டும் வேலை செய்தது.
என் சாமர்த்தியம் என்றார் டாக்டர் கிஸ்பெர்ட்.
எலி கேபிளைக் கடித்திருந்தது, அவ்வளவுதான்.
மறுநாள்தான் வலை அட்டையைக் கழற்றினேன்.
அது இருந்த சந்தில் குளிர் அடித்தது,
சிகரெட் அட்டை வெட்டி ஒட்டினேன்.
யுஎஸ்பி துளை இரண்டிலும் பசை ஊற்றினேன்.
வெளியே போன ப்ளாப்பி
திரும்ப உள்ளே வராது.
மாதக் கடைசி வெள்ளி, முழு வட்டுக்கும் நகல்:
ஒன்று அலமாரியில்,
ஒன்று என் வீட்டில், சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால்.
விதிப்படி தப்பு. தெரியும்.

வெளியே உலகமே கூடிச் சங்கு ஊதினாலும்
காது கொடுக்காத பெட்டி.
அதை வைத்துக்கொண்டுதான்
சுரங்கத்திலிருந்து ஏறி வருகிறவர்களிடம்
கேட்கிறதா
கேட்கிறதா என்று
கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பெனிக்னோ வந்தார்.
இருபத்தாறு வருடம் துளைபோடும் இயந்திரம் பிடித்தவர்.
கன்னத்தில் கோக்கா இலை அடக்கியிருந்தார்.
அவருக்கான கேள்விக்கெல்லாம்
பிரிமித்திவா, அவர் மனைவி, பதில் சொன்னாள்.
பின்னாலேயே கம்பெனி வக்கீல் அடால்பெர்த்தோ.
வேலைக்கு வரும்போதே இவருக்குக் காது மந்தம் என்கிறது கம்பெனி.
வக்கீல் விரல் நுனியில் ஒரு பென்டிரைவ்,
பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்
வீட்டுக்கு வாசல் எங்கே என்பதுபோல.

பெனிக்னோவைக் கூண்டில் உட்கார்த்திக் கதவைச் சாத்தினேன்.
ஐந்நூறு. ஆயிரம். இரண்டாயிரம்.
விரலைத் தூக்கினார்.
நாலாயிரத்தில்
விரல் முழங்காலிலேயே கிடந்தது.
ஒலியைக் கூட்டினேன், இன்னும் கூட்டினேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
என்னைப் பார்த்து, நான் இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்து,
மரியாதையாகக் காத்திருந்தார்.

பிறகு பழையதைத் தேடச் சொன்னேன்.
வட்டு இரண்டு நிமிடம் உறுமியது.
தொண்ணூற்றொன்பது, மார்ச்: பெனிக்னோ, வயது இருபத்திரண்டு.
அல்ட்டிப்ளானோ சமவெளிபோல ஒரே மட்டமான கோடு.
இன்றைய கோடு அதே இடத்தில்
சுரங்க வாய்போல விழுகிறது.

அச்சு இயந்திரம் கத்தியது.
பெனிக்னோ அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

வக்கீல் இரண்டு தாளையும் படித்தார், அவசரமில்லாமல்.
"இதில் இருக்கும் தேதி," என்றார்,
"காலையில் நீங்கள் தட்டியதுதானே?"

தொண்ணூற்றொன்பதில் பேட்டரி உயிரோடு இருந்தது என்றேன்.
"இன்று?"

பசையும் சிகரெட் அட்டையும் சர்க்கரை டப்பாவும்
என்னென்னவோ காத்தேன்.
இந்தப் பக்கம் திறந்தே கிடந்திருக்கிறது.

வழக்கு வாய்தாவில் இருக்கிறது.
பிரிமித்திவா தாளை எட்டாக மடித்து
எங்கே வைத்தாள் என்று நான் பார்க்கவில்லை.

இப்போதெல்லாம் காலை ஆறு மணிக்கு
காவலாளி ஃபோர்த்துனாத்தோவை எழுப்புகிறேன்.
பெட்டி கேட்கிறது.
நான் தட்டுகிறேன்.
அவர் அன்றைய செய்தித்தாளின் தலைப்பைப் பார்த்துவிட்டு
நோட்டில் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறார்,
பேனாவில் மை உறைந்திருக்கிறது என்று
தினமும் திட்டியபடி.