ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி

திங்கள் வந்தால் வெடிமருந்து ஆலையில்
எல்லோருக்கும் மண்டை பிளக்கும்.
அயர்ஷயர் மணல்மேட்டுக் கொட்டகைகளில்
எண்ணெய் கலக்குகிறவர்கள்
புதனுக்குள் தெளிந்துவிடுவார்கள்.

டூகலுக்கு மட்டும் ஓய்வுநாளில்தான் நோவு.
தேவாலயத்தின் மூன்றாவது படியில்
மார்பைப் பிடித்துக்கொண்டு
கையுறை விழுந்துவிட்டதுபோல் குனிவான்.
"வேலை செய்தால் சரியாகிவிடுகிறது, ஐலி.
கர்த்தருக்கு என் விடுப்பு பிடிக்கவில்லை."

ஒரு சனி மாலை
தொப்பியின் உள்பட்டையில்
ஒரு துளி தடவிக்கொண்டு வந்தான். திருட்டு.
பிடிபட்டால் வேலை போகும்,
கை தவறினால் வீடு போகும்.
மறுநாள் படி ஏறினான்,
புத்தகம் பார்க்காமல் பாடினான்.
நான் தொப்பியை முறைத்தபடி ஜெபித்தேன்.

இன்று என் நாவின் அடியில் அதே எண்ணெய்,
உப்புக்கல் அளவு மாத்திரையாய்.
செவிலி மக்லஹோஸ் சொல்கிறாள்:
உடம்புக்குள் அது ஒரு வாயுவாகும்,
நைட்ரிக் ஆக்சைடு.
ரத்தக்குழாயின் உள்தோல்
தானாகவே செய்வதும் அதைத்தானாம்.
ஒரு செல் ஊதிவிட
பக்கத்துச் செல் பிடியைத் தளர்த்தும்.
கதவு வேண்டாம், சாவி வேண்டாம்.
சவ்வைக் கடந்து நேரே உள்ளே போய்
வந்த சேதியைச் சொல்லி
அங்கேயே இல்லாமல் போகும்.

எத்தனை நேரம் இருக்கும் என்று கேட்டேன்.
சில நொடி, என்றாள்,
அடுத்த ஆளின் கைப்பட்டையைச் சுற்றியபடி.

ஆலை பதினைந்து நாள் மூடிய அந்த ஜூலையில்
தொப்பி ஆணியில் காய்ந்து தொங்கியது.
டூகல்
மூன்றாவது படி வரை வந்தான்.