இருபத்தோராவது வீடு

சின்னப்பாலத்தில் நாற்பத்தொரு வீடு.
மூன்று நாள் நடந்து கேட்டேன்.
மாத வருமானம் என்ன?
ஒரே கேள்வி, ஒரே கட்டம்.

விடுதி அறையில் இரவு
கூட்டி வகுத்தேன்:
இருபத்து மூவாயிரத்து நானூற்றுப் பதினைந்து.
பாலத்தில் ரயில் ஊர்ந்து முடிப்பதற்குள்
பட்டியலை மேலிருந்து கீழே தேடிவிட்டேன்.
அந்தத் தொகையைச் சம்பாதிக்கிறவர்
ஊரில் ஒருவருமில்லை.
ஆளில்லாத வீட்டுக்குக்
கதவிலக்கம் எழுதியிருக்கிறேன்.

காரணம் தெரிந்ததுதான்.
மூன்று விசைப்படகும் ஐஸ் கம்பெனியும் வைத்திருக்கும்
ரொசாரியோ வீட்டில் ஆறு லட்சம்.
டீ கொடுத்து, பிஸ்கட்டை நகர்த்தி வைத்து,
"எம்பேரு வராதுல்ல தங்கச்சி?" என்றார்.
வராது அண்ணே.
நீங்கள் நாற்பது வீட்டின் மேலும்
சமமாகத் தூவப்பட்டிருக்கிறீர்கள்,
யார் நாக்கிலும் கரிக்காத உப்பாக.

பரமக்குடியிலிருந்து மேற்பார்வையாளர் போனில்:
"அந்த ஒத்த வீட்டத் தூக்கிடுங்க மேடம்,
கணக்கு நேராயிடும்."
தூக்கிப் பார்த்தேன். ஒன்பதாயிரம்.
நேராகத்தான் இருக்கிறது.
அவர் மடி வாரிய கரைக்கடலை
எந்தப் பத்தியிலிருந்து தூக்குவது?

மரியசூசைக்கு நண்டுவலை.
முன்பணம் வாங்கிய இடத்தில் பிடித்தம் போக
கழித்தல் ஆயிரத்து எண்ணூறு.
அடித்தேன். கருவி சிவப்பெழுத்தில் சொன்னது:
பூஜ்யத்துக்குக் கீழ் ஏற்கப்படாது.
எட்டிப் பார்த்துச் சிரித்தார்.
"வட்டிக்காரன் மட்டும் ஏத்துக்கிறானே."
பூஜ்யம் என்று பதிந்தேன்.
அன்று அவருக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய்
தருமம் செய்தவள் நான்.

பிறகு பரவல்.
சராசரியிலிருந்து யார் எத்தனை தூரம் என்று
எழுதிக் கூட்டினால் எப்போதும் பூஜ்யம்.
பள்ளத்தை மேடு தின்றுவிடும்.
அதனால் வர்க்கப்படுத்தச் சொல்கிறது பாடம்:
குறை தன் குறியை இழந்து
மிகையின் பக்கத்தில் மிகையாகவே நிற்கும்,
கல்யாண வீட்டுக்கு இரவல் சேலையில் வந்ததுபோல.
திட்ட விலக்கம்
தொண்ணூற்றோராயிரத்துச் சொச்சம்.
சராசரிக்கே நாலு மடங்கு அலைச்சல்.

கடைசியில் வரிசைப்படுத்தினேன்.
கீழே இருபது, மேலே இருபது,
நடுவில் நம்புசெல்வி. எட்டாயிரத்து ஐநூறு.
அப்பாடா, ஒரு நிஜ ஆள்.
விடிந்ததும் போனேன்.
பாசி எடுத்த விரல்களில்
துணிச்சுற்று இன்னும் அவிழவில்லை.

"எட்டாயிரத்து ஐநூறா? நானா சொன்னேன்?
ஏதாவது சொல்லுக்கான்னு நீதான் நச்சரிச்ச.
எந்த மாசம்னு கேட்டியா?
தண்ணி வத்துற நாளுதான் பாசிக்கு.
கச்சான் அடிச்சா அதுவும் இல்ல.
தடைக்காலத்துல வீட்டுக்காரருக்கு சைபர்.
போன மாசியில எறால் பட்டுச்சு,
இருபதாயிரம் பாத்தோம்.
அத எங்க எழுதுவ?"

கட்டம் ஒன்றுதான்.
வீட்டுக்கு வீடு நான் அளந்தது போக
இந்த ஒரு வீட்டுக்குள்ளேயே
பன்னிரண்டு மாதம் ஏறி இறங்குகிறது
யாரும் அளக்காத ஒன்று.

நீங்கதான் ஊருக்கே நடு, என்றேன்,
பாராட்டுவது போல.

"வள்ளத்துல முன்னால நிக்கிறவன் வல பாப்பான்,
பின்னால இருக்கிறவன் சுக்கான் பிடிப்பான்.
நடுவுல கெடக்குறவன்
தண்ணி எறைப்பான்."

அறிக்கையில் அடிக்குறிப்புக்கு ஒரு வரி இடமுண்டு.
எந்த மாதம்? என்று அடித்தேன்.
எழுத்து என்பதால்
கருவி ஏற்றுக்கொண்டது.